மாடியில் வலி இல்லை

பிப்ரவரி 4

அன்புள்ள வாண்டுக்கு,

சிநேகிதி வீட்டில் கொஞ்ச நாள் இருந்துவிட்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். அது பொய். நான் அங்கே போகவில்லை. ஊரெல்லாம் தேடி அலைவாயே என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன். உன்னிடம் அனுமதி கேட்பதற்காக அல்ல.

நீ அன்றைக்கு அடுப்படியில் நின்றுகொண்டு சொன்னது இன்னும் என் காதை விட்டுப் போகவில்லை. “ரிப்போர்ட் எல்லாம் நல்லாத்தானே வந்திருக்கு, அக்கா? உனக்கு ஒண்ணும் இல்லை. மனசைத் தேத்திக்கிட்டு எழுந்து நடமாடு.” உன் வீட்டுக்காரர் சொல்லியிருந்தால் காதிலேயே போட்டுக்கொண்டிருக்க மாட்டேன். சொன்னது நீ. கேக் மேல் கிரீமால் ரோஜா வைத்த கை இது. இப்போது ஒரு டம்ளரைத் தூக்க முரண்டு பிடிக்கிறது. ராத்திரியெல்லாம் மூட்டை சுமந்தவள் மாதிரி காலையில் எழுந்திருக்கிறேன். எல்லாவற்றையும் ஒரே கூரையின் கீழ் இருந்து பார்த்தவள் நீ.

இது ஒரு சிகிச்சை வீடு. முன்பு தொலைபேசி நிலையமாக இருந்ததாம். சுவரெங்கும் வயர் போன ஓட்டைகள், அவற்றில் பஞ்சு அடைத்திருக்கிறார்கள். கீழே நீளமான கூடம். அதில் சாய்வு நாற்காலிகள் வரிசையாகக் கிடக்கின்றன. நடத்துகிறவரை எல்லோரும் சார் என்கிறார்கள். முன்பு காது மிஷின் பழுது பார்த்தவராம். சீட்டுக்கட்டு அளவில் ஒரு பெட்டி, அதிலிருந்து இரண்டு வயர், நுனியில் ஈரப் பஞ்சு வைத்த கிளிப். அதைக் காது மடலில் மாட்டிவிடுகிறார். “ரொம்ப ரொம்பச் சின்ன கரண்ட். எறும்பு ஊர்ற மாதிரிகூட இருக்காது” என்றார். உண்மைதான். பஞ்சின் குளிர்ச்சி தவிர ஒன்றும் தெரியவில்லை. கரண்ட் ஓடுகிறது என்பதற்குப் பெட்டியில் எரியும் பச்சை விளக்குதான் அத்தாட்சி.

ஆனால் நான் சொல்ல வந்தது வேறு. முதல் நாள் அவர் என் எதிரே உட்கார்ந்து, “எங்கெங்க வலிக்குது, சொல்லுங்க” என்றார். நான் சொல்லி முடிக்கிற வரைக்கும் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. குறுக்கே ஒரு வார்த்தை பேசவில்லை. கடைசியில், “நம்புறேன்” என்றார். அவ்வளவுதான். நான் பொலபொலவென்று அழுதுவிட்டேன்.

இங்கே போன் கிடையாது. போனிலிருந்து வரும் அலைகள் இந்தச் சின்னக் கரண்டைக் குழப்பிவிடுமாம். வாசலிலேயே வாங்கி வைத்துக்கொண்டார்கள். எழுத நினைத்தால் எழுது.

அக்கா


பிப்ரவரி 11

அக்கா,

உன் கடிதம் வருவதற்குள் நாங்கள் பட்ட பாடு உனக்குத் தெரியாது. உன் சிநேகிதிக்குப் போன் செய்தால், “இங்க வரவே இல்லையே!” என்கிறாள். எனக்கு உயிரே போய்விட்டது. கண்ணாடிக் கடையில் ஒரு பெரியவருக்குக் கிட்டப்பார்வைக் கண்ணாடிக்குப் பதில் தூரப்பார்வைக் கண்ணாடியை மாட்டி அனுப்பிவிட்டேன். மனுஷர் படியில் தடுக்கி விழாதது என் நல்ல நேரம்.

அன்று நான் பேசியது உனக்கு அப்படிப் பட்டிருக்கிறது. நான் வேறு எப்படித்தான் பேசுவது, அக்கா? இரத்தம் எடுத்தார்கள், எக்ஸ்ரே எடுத்தார்கள், எதிலும் ஒன்றும் வரவில்லை. ஒன்றும் இல்லை என்பது எனக்குச் சந்தோஷமான செய்தி. அதைச் சந்தோஷமாகச் சொன்னேன். அது உனக்கு அடி மாதிரி விழுந்தது.

என் வீட்டுக்காரர் அந்த ஆளுக்கு ‘ஷாக் சாமியார்’ என்று பெயர் வைத்துவிட்டார். “உங்க அக்கா திரும்பி வரும்போது தலையில பல்பு மாட்டினா எரியும், கரண்ட் பில் மிச்சம்” என்கிறார். கோபித்துக்கொள்ளாதே. அவரும் இரண்டு நாள் உனக்காகப் பஸ் நிலையத்தில் சுற்றியவர்தான்.

நானும் விசாரித்தேன். இந்தச் சின்னக் கரண்ட் வைத்தியம் ஊர் உலகத்தில் இருப்பதுதான் போலிருக்கிறது. சிலருக்கு வலி குறைகிறதாம், சிலருக்குத் தூக்கம் வருகிறதாம், சிலருக்கு ஒன்றும் ஆவதில்லையாம். கெடுதல் பெரிதாக இல்லை என்கிறார்கள். அதனால் ஒரேயடியாக வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். செய்துகொள். ஆனால் சாப்பிடுகிற மாத்திரையை நிறுத்தாதே. போன் கூடாது என்பதுதான் எனக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை. அலை குழப்புகிறது என்றால், வாசலுக்கு வெளியே நின்று பேசினால் என்ன?

பின்னறையை நீ விட்டுப்போனபடியே வைத்திருக்கிறேன். சீக்கிரம் வா.

வாண்டு


பிப்ரவரி 27

அன்புள்ள வாண்டுக்கு,

இன்று கோபம் இல்லை. இன்று எனக்கு யார் மேலும் கோபம் வராது.

நான் தூங்கினேன். விடிகிற வரைக்கும், ஒரு தடவைகூடப் புரளாமல். எழுந்ததும் தலைமுடியை நானே பின்னிக்கொண்டேன். கை மேலே போயிற்று! தோளில் இரும்புப் பட்டை போட்டு இறுக்கினது மாதிரி இருந்த அந்த வலி இல்லை. பக்கத்துக் கட்டில்காரி முன்பு பஸ் கண்டக்டராக இருந்தவள். இப்போதும் சாப்பாட்டு வரிசையில், “நகருங்க, நகருங்க, உள்ள எடம் இருக்கு பாருங்க” என்று எல்லோரையும் நெட்டித் தள்ளுவாள். அவள் முழங்கால் வலியோடு வந்தவள், இப்போது கூடத்தில் நடை பழகுகிறாள். என்னைக் கண்ணாடி முன்னால் நிறுத்தி, “யாரு இந்தப் பொண்ணு, புதுசா வந்திருக்கா?” என்றாள். நாங்கள் இருவரும் பைத்தியக்காரிகள் மாதிரி சிரித்தோம்.

நேற்று இன்னொன்று நடந்தது. கொதிக்கக் கொதிக்கத் தேநீர் கொண்டுவந்தபோது கோப்பை சாய்ந்து என் இடது பாதத்தில் கொட்டிவிட்டது. எனக்குத் தெரியவே இல்லை! கண்டக்டரம்மாதான், “ஐயோ, கால்!” என்று கத்தினாள். குனிந்து பார்த்தால் பாதம் சிவந்திருக்கிறது, சற்று நேரத்தில் கொப்புளமும் எழும்பிவிட்டது. எனக்கோ ஒரு எரிச்சல் இல்லை. சார் கூடத்தில் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினார். “பாருங்க. வலியோட வேரே அறுந்துக்கிட்டு வருது” என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். எனக்கு வெட்கமாகவும் பெருமையாகவும் இருந்தது. இத்தனை வருஷத்தில் என் உடம்புக்காக யார் கைதட்டியிருக்கிறார்கள்?

மாத்திரையை நிறுத்திவிட்டேன். இரண்டும் சேர்ந்தால் உடம்பு எதைக் கேட்பது என்று தெரியாமல் தடுமாறும் என்றார் சார். உன் கடிதம் பிரித்துத்தான் என் கைக்கு வந்தது. கெட்ட செய்தி இருந்தால் அது கரண்டைவிட வேகமாக உடம்பில் ஏறுமாம், அதனால் அவர் முதலில் படித்துப் பார்க்கிறார். ஷாக் சாமியார் என்கிற இடத்தைப் படித்துவிட்டு அவரே என்னிடம் சிரித்துக்கொண்டு சொன்னார். எனக்குத்தான் மானம் போயிற்று.

மாடியில் அவர் மனைவி இருக்கிறாராம். இந்தப் பெட்டியை முதன்முதலில் அவருக்காகத்தான் செய்தாராம். பூரணமாகக் குணமானவர் என்கிறார்கள். நாங்கள் யாரும் பார்த்ததில்லை. எப்போதாவது ஒரு மணிச் சத்தம் கேட்கும், சார் செய்துகொண்டிருப்பதைப் போட்டுவிட்டு மாடிக்கு ஓடுவார்.

அக்கா


மார்ச் 6

அக்கா,

உன் கடிதத்தை முதலில் படித்தபோது எனக்கும் சந்தோஷம்தான். நீயாகத் தலை பின்னிக்கொண்டாய் என்ற இடத்தில் கண் கலங்கிவிட்டேன். தேநீர் கொட்டிய இடத்தை மறுபடி படித்தேன். மூன்றாம் தடவை படித்தபோது என்னால் உட்கார முடியவில்லை.

நம் கடைக்குக் கண்ணாடி மாற்ற வருகிற நரம்பு டாக்டரை உனக்குத் தெரியும். ஃபிரேமை எப்போதும் காதில் இறுக்குகிறது என்று குறை சொல்வாரே, அவர். நேற்று வந்தார். வெட்கத்தை விட்டு உன் கடிதத்தை அவரிடம் நீட்டினேன். சிரித்துக்கொண்டே வாங்கினவர், படிக்கப் படிக்கச் சிரிப்பை நிறுத்திவிட்டார்.

“இந்தக் கருவி காதுல மாட்டறதுதானே?” என்றார்.

“ஆமா.”

“அது தோள் வலியைக் குறைச்சிருக்கலாம். நல்லதுதான். ஆனா கால்ல சுடுதண்ணி விழுந்து தெரியலைன்னா, அது வலி குறைஞ்சதில்லைம்மா. உணர்ச்சி போனது. அது வேற, இது வேற.”

அப்புறம் மூன்று கேள்வி கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை, நீதான் சொல்ல வேண்டும். நடக்கும்போது காலிலிருந்து செருப்பு உனக்குத் தெரியாமலே கழன்று போகிறதா? வயிற்றையோ மார்பையோ சுற்றிப் பட்டை கட்டினது மாதிரி இறுக்கம் இருக்கிறதா? சிறுநீர் போவதில் ஏதாவது மாற்றமா? இதில் ஒன்றுக்கு ஆமாம் என்றாலும் உடனே முதுகுத்தண்டை ஸ்கேன் எடுத்துப் பார்க்க வேண்டும் என்றார். “நாளைக்கு, அடுத்த வாரம்னு தள்ளாதீங்க” என்று வாசல் வரை போனவர் திரும்பி வந்து சொன்னார். ஃபிரேமை வாங்கிக்கொள்ளக்கூட மறந்துபோனார்.

அக்கா, கெஞ்சிக் கேட்கிறேன். ஒரே ஒரு நாள் வந்து ஸ்கேன் எடுத்துக்கொள். ஒன்றும் இல்லை என்று வந்தால் நானே உன்னைத் திரும்பக் கொண்டுவந்து விடுகிறேன். அந்த ஆளிடமும் மன்னிப்புக் கேட்கிறேன். இதை அவர் படிப்பார் என்று தெரிந்துதான் எழுதுகிறேன். சார், நீங்களும் இதைப் படியுங்கள்.

வாண்டு


மார்ச் 15

உனக்கு,

வலித்தபோது ஒன்றும் இல்லை என்றாய். இப்போது வலி இல்லை, பெரிய நோய் என்கிறாய். நான் சொல்வது எப்போதுதான் சரியாக இருக்கும், அதை மட்டும் சொல்லிவிடு.

எத்தனை டாக்டர்கள் முன்னால் நீ என்னை உட்கார வைத்தாய்! ஒருவரும் என் முகத்தைப் பார்க்கவில்லை, காகிதத்தைப் பார்த்தார்கள். கடைசியில் ஒருத்தர் உன்னிடம், “வேலைக்குப் போனா சரியாயிடும்” என்றார், நான் அந்த அறையிலேயே இல்லாதது போல. அப்போதெல்லாம் வராத பதற்றம், நான் சிரித்துப் பேச ஆரம்பித்ததும் எங்கிருந்து வருகிறது? உனக்கு நான் பின்னறையில் முனகிக்கொண்டு கிடக்கிறவளாகவே இருக்க வேண்டுமா?

உன் டாக்டரின் கேள்விகளைச் சார் எனக்கு உரக்கப் படித்துக் காட்டினார். அவர் எதையும் மறைக்கிறவர் அல்ல. பதில் சொல்கிறேன், கேட்டுக்கொள். செருப்பு கழன்று போவது உண்மைதான். பாதி வழி வந்தபின் பார்த்தால் ஒரு கால் வெறுங்காலாக இருக்கும். கண்டக்டரம்மா அதை எடுத்துக்கொண்டு, “டிக்கெட் வாங்காம செருப்பு எறங்கிடுச்சு” என்று பின்னாலேயே வருவாள். மார்புக்குக் கீழே இறுக்கமும் உண்டு, பாவாடை நாடாவை யாரோ இழுத்துக் கட்டியது போல. கரண்ட் உடம்புக்குள் வளையம் போடுகிறது, அதற்குக் கீழே வலி வராது என்றார் சார். அது உண்மை, வளையத்துக்குக் கீழே வலியே இல்லை. மூன்றாவது கேள்விக்கு உனக்குப் பதில் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது. படுக்கை விரிப்பை இங்கே முகம் சுளிக்காமல் மாற்றுகிறார்கள் என்று மட்டும் தெரிந்துகொள்.

எல்லாருக்கும் இப்படி ஆவதில்லையாம். கண்டக்டரம்மாவுக்கு முழங்கால் சரியானதோடு சரி. என் உடம்புதான் கரண்டை முழுசாக வாங்கிக்கொள்கிறதாம். அதனால் என்னை மாடிக்கு மாற்றப் போகிறார்கள். அவர் மனைவிக்கு அடுத்த அறை. இதுவரை யாருக்கும் அந்த இடம் கொடுத்ததில்லை.

நீ வர வேண்டாம்.

அக்கா


மார்ச் 22

அக்கா,

உன் கடிதம் வந்த அன்றே நான் கிளம்பிவிட்டேன். இப்போது உங்கள் கட்டிடத்துக்கு எதிரே பஸ் நிறுத்தத்து சிமெண்டுப் பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன். மாடியில் நான்கு ஜன்னல் தெரிகிறது. எதில் நீ இருக்கிறாய் என்று தெரியவில்லை.

அவரைப் பார்த்தேன். நான் கற்பனை செய்து வைத்திருந்த ஆள் இல்லை. சட்டைப் பையில் ஸ்க்ரூ டிரைவர், கண்ணில் பழைய கண்ணாடி. இடது பக்க மூக்குத்தாங்கி உடைந்து நூல் சுற்றியிருக்கிறார். எனக்குக் கை பரபரத்தது, வேறு நாளாக இருந்தால் கழற்றிச் சரிசெய்து கொடுத்திருப்பேன். தண்ணீர் கொடுத்தார். உட்காரச் சொன்னார்.

“அக்காவைப் பார்க்கணும்” என்றேன்.

“அவங்க யாரையும் பார்க்க விரும்பலைன்னு எழுதிக் குடுத்திருக்காங்கம்மா” என்று ஒரு தாளைக் காட்டினார். உன் கையெழுத்து.

“எப்ப எழுதினது?”

“வர்றப்பவே எல்லாரும் எழுதிக் குடுக்கறதுதான்.”

“அக்கா நடக்கறாங்களா?”

அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். “நடக்க வேண்டிய அவசியம் என்னம்மா இருக்கு இப்போ? இத்தனை வருஷம் வலியோட ஓடியிருக்காங்க. கொஞ்சம் இருக்கட்டுமே.”

அவர் பொய் சொல்லவில்லை, அக்கா. கண்ணைப் பார்த்துக் கண்ணாடி மாட்டுகிறவள் நான், எனக்குத் தெரியும். அந்த மனுஷர் சொல்வதை அவரே முழுசாக நம்புகிறார். பொய்யனாக இருந்திருந்தால் சத்தம் போட்டுச் சண்டை பிடித்திருப்பேன். இவரிடம் என்ன செய்வது என்று தெரியாமல் எழுந்து வந்தேன். காவல் நிலையத்துக்கும் போனேன். விருப்பப்பட்டுத் தங்கியிருக்கிற, வயது வந்த ஒருத்தியை எப்படிப் பிடித்து இழுத்து வருவது, கூட்டிப் போகச் சொல்லி அவளே தன் வாயால் சொல்லட்டும் என்கிறார்கள்.

உன் கண்டக்டரம்மா சற்று முன் காய்கறி வாங்க வெளியே வந்தாள். நான் சொல்லாமலே அடையாளம் கண்டுகொண்டாள், “அதே மூக்கு” என்றாள். இதை அவள் மடியில் வைத்துக் கொண்டுவந்து தருவாள். பிரிக்காத கடிதம் உனக்கு வெகுநாளைக்குப் பிறகு இதுதான்.

நான் ஊருக்குப் போகவில்லை. பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒரு விடுதியில் இருக்கிறேன். ஒரு வார்த்தை எழுதிக் கொடு, போதும்.

வாண்டு


மார்ச் 24

வாண்டு,

என்னை நாற்காலியில் உட்கார வைத்து இரண்டு பேராக மாடிக்குத் தூக்கிவந்தார்கள். ஏறும்போது என் வலது கால் படியில் இடித்துக்கொண்டே வந்திருக்கிறது. அந்தச் சத்தத்தைக் கேட்டு, யாரோ பின்னால் எதையோ இழுத்துவருகிறார்கள் என்று திரும்பிப் பார்த்தேன். அது என் கால்.

அப்போதுகூட நான் பயப்படவில்லை. உன் கடிதத்தைப் படித்தபோதும் பயப்படவில்லை, எரிச்சல்தான் வந்தது. இன்று காலை சார் கீழே இருந்த நேரம், அடுத்த அறையிலிருந்து அவர் மனைவி கூப்பிட்டார். “புதுசா வந்தவங்களா? கதவு தெறந்துதான் இருக்கு. வாங்களேன்.” என்னால் எழ முடியாது என்றேன். “ஓ” என்று சிரித்தார். “அப்ப இப்படியே பேசலாம். எனக்கும் முடியாது.”

நாற்காலியைக் கையால் தள்ளித் தள்ளிக் கதவருகே நகர்ந்து பார்த்தேன். அழகான முகம். தலை சீவி, பொட்டு வைத்து, பளிச்சென்று இருக்கிறார். காதில் கிளிப், பக்கத்தில் பச்சை விளக்கு. போர்வைக்குக் கீழே கால் இருக்கிற இடத்தில் ஒன்றுமே இல்லாதது போலத் தட்டையாக இருந்தது. அவரே போர்வையை விலக்கிக் காட்டினார். முழங்கால் மட்டும் துருத்திக்கொண்டு, மற்றதெல்லாம் குச்சி. குதிகாலில் கட்டு. அறையில் நல்ல வாசனை வைத்திருந்தார்கள், அதற்கு அடியில் வேறொரு வாடை.

“வலிக்கலையா?” என்று கேட்டேன்.

“கொஞ்சம்கூட இல்லை” என்றார். “முதல்ல வெரல் போச்சு. அப்புறம் பாதம். ஒவ்வொண்ணா அடங்க அடங்க என்ன நிம்மதி தெரியுமா? ராத்திரி முழுக்க அவர் தோளைக் கடிச்சுக்கிட்டு அழுதவ நான். அவர் ஒரு மிஷின் செஞ்சார், நான் அழறதை நிறுத்திட்டேன். இப்ப கழுத்துக்குக் கீழ அமைதி.”

“டாக்டர்கிட்ட காட்டலையா?”

“ஆரம்பத்துல காட்டினோம். ஒண்ணும் இல்லைன்னு சொல்லிட்டாங்க.”

வாண்டு, அந்த வாக்கியத்தைக் கேட்டதும்தான் எனக்கு அடிவயிறு கலங்கியது. அடிவயிறு என்று எழுதுகிறேன், அங்கே எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

“உங்களுக்கும் சீக்கிரம் வந்துடும்” என்று அவர் எனக்கு ஆறுதல் சொன்னார். “கை மட்டும்தானே பாக்கி?”

கண்டக்டரம்மா இன்று வீட்டுக்குப் போகிறாள். சொல்லிக்கொள்ள மாடிக்கு வந்தவள் என்னைப் பார்த்துவிட்டு வாயில் கைவைத்துக்கொண்டாள். அவளிடம் இதைக் கொடுக்கிறேன். நான் விரும்பி இங்கே இருக்கவில்லை. இதையே காவல் நிலையத்தில் காட்டு. உன் டாக்டர் கேட்ட மூன்றுக்கும் ஆமாம்.

படி என்னால் இறங்க முடியாது. வா.

அக்கா


ஏப்ரல் 19

அன்புள்ள அக்கா,

உன்னை அந்தப் பெரிய ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டு ஊர் திரும்பியதிலிருந்து எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. உனக்கு ஆபரேஷன் செய்த டாக்டரிடம் நேற்று போனில் பேசினேன். முதுகுத்தண்டில் நரம்பை நெரித்துக்கொண்டிருந்த கட்டி முழுவதும் எடுத்தாயிற்று, கெட்ட கட்டி இல்லை என்று உறுதியாகிவிட்டது. சீக்கிரம் வந்திருந்தால் இரண்டு காலும் பழையபடி ஆகியிருக்கும், இப்போது பொறுத்துத்தான் பார்க்க வேண்டும் என்கிறார். நான் அவரிடம் இன்னொன்றும் கேட்டேன். அத்தனை வருஷத்து வலியும் இந்தக் கட்டியால்தானா? “இல்லைம்மா. அந்த வலி வேற. அது ஸ்கேன்ல வராது. வரலைங்கறதால இல்லைன்னு ஆயிடாது” என்றார். இதை உன்னிடம் அப்படியே சொல்ல வேண்டும் என்றுதான் பேனாவை எடுத்தேன்.

இன்னொன்றும் உண்டு. உன்னிடம் நேரில் சொல்ல எனக்குத் தெம்பு வரவில்லை. உன்னை ஸ்டிரெச்சரில் இறக்கியபோது நீ கண்ணை மூடியிருந்தாய். படி குறுகல், வந்த ஆட்கள் தடுமாறினார்கள். அப்போது தலைப்பக்கம் வந்து ஒரு முனையைப் பிடித்தது சார்தான். காவலர்கள் நின்றுகொண்டிருக்கும்போதே, “பாத்து, பாத்து, அவங்களுக்கு வலிக்காம எறக்குங்க” என்று சொல்லிக்கொண்டே கடைசிப் படி வரைக்கும் வந்தார். ஆம்புலன்ஸ் கதவை மூடுகிறபோது என்னைப் பார்த்துச் சொன்னார்: “அவசரப்பட்டுட்டீங்கம்மா. இன்னும் கொஞ்ச நாள்ல முழுசா அடங்கியிருக்கும்.” அவர் கண்ணில் தண்ணீர் நின்றது.

அவர் மனைவியைப் பற்றிக் கேட்டிருந்தாய். நான் விடவில்லை. சுகாதாரத் துறையிலிருந்து ஒரு டாக்டரும் இரண்டு அதிகாரிகளும் போனார்கள், நானும் கூடவே போனேன். சார்தான் கதவைத் திறந்து மாடிக்கு அழைத்துப் போனார். டாக்டர் அந்த அம்மாவிடம், “எங்களோட வாங்க, பரிசோதிச்சுப் பார்க்கலாம், இன்னும் ஏதாவது செய்ய முடியலாம்” என்று எவ்வளவோ பொறுமையாகச் சொன்னார்.

“செஞ்சா என்ன ஆகும்?” என்று அந்த அம்மா கேட்டார்.

“கொஞ்சமாவது உணர்ச்சி திரும்பலாம்.”

“வலியுமா?”

“வரலாம்” என்றார் டாக்டர்.

அந்த அம்மா கணவர் பக்கம் திரும்பி, “கதவை மூடுங்க” என்றார். சுயநினைவோடு வேண்டாம் என்கிறவரை யாரும் ஒன்றும் செய்ய முடியாதாம். கூடத்தை மட்டும் பூட்டி முத்திரை வைத்தார்கள். போன வாரம் கண்டக்டரம்மா அந்தப் பக்கம் போயிருக்கிறாள். பூட்டு அப்படியே இருக்கிறதாம். ஆனால் பின்பக்கம் மாடிக்குப் புதிதாக இரும்புப் படி போட்டிருக்கிறார்களாம். அதில் ஆட்கள் ஏறிக்கொண்டிருந்தார்களாம்.

உன் வாண்டு


மே 12

அன்புள்ள வாண்டுக்கு,

உன் கடிதத்தைப் பல தடவை படித்தேன். “வரலைங்கறதால இல்லைன்னு ஆயிடாது” என்ற வரியை நர்ஸிடம் உரக்கப் படித்துக் காட்டினேன். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை, பரவாயில்லை.

வலது கால் திரும்பிவிட்டது என்றே சொல்லலாம். முதலில் ஊசி குத்துவது போல் ஆரம்பித்து, பிறகு தாங்க முடியாமல் வலித்தது. நர்ஸ் ஓடிவந்து, “வலிக்கு ஊசி போடவா?” என்றாள். கொஞ்ச நேரம் இருக்கட்டும் என்றேன். இடது கால் இன்னும் என்னுடையது ஆகவில்லை. ஊன்றுகட்டையைப் பிடித்துக்கொண்டு அதை இழுத்து நடக்கிறேன். இது இப்படியேதான் இருக்கும் என்று டாக்டர் சொல்லவில்லை, இருக்காது என்றும் சொல்லவில்லை.

பழைய வலியும் வந்துவிட்டது. தோள், கழுத்து, மணிக்கட்டு, எல்லாம் பழைய வீட்டைத் தேடிக் குடிவந்தாயிற்று. கூடவே அந்த அசதியும். டாக்டரிடம் சொன்னேன். உடற்பயிற்சி அறைக்கு அனுப்பினார். அங்கே ஒரு பெண் மேஜை இழுப்பறையைத் திறந்து எதை எடுத்தாள் என்று நினைக்கிறாய்? சீட்டுக்கட்டு அளவில் ஒரு பெட்டி. இரண்டு வயர். ஈரப் பஞ்சு வைத்த கிளிப். “பயப்படாதீங்க, இது ரொம்பச் சின்ன கரண்ட், சிலருக்கு நல்லாக் கேக்கும்” என்றாள். எனக்கு எழுந்து ஓட வேண்டும் போலிருந்தது, ஓடத்தான் கால் இல்லை. “எப்ப வேணும்னாலும் எடுத்துடலாம், கை உங்ககிட்டதான் இருக்கு” என்று கிளிப்பை என் கையிலேயே கொடுத்தாள். நானே மாட்டிக்கொண்டேன்.

கேட்கிறது, வாண்டு. அதுதான் சங்கடம். இந்த வாரம் கழுத்தைத் திருப்ப முடிகிறது. தூக்கமும் வருகிறது. பெட்டி ஒரு பாவமும் அறியாது. எனக்குத்தான் அதோடு இனிமேல் ஒத்துப்போகாது போலிருக்கிறது. தோளில் வலி குறையக் குறைய நெஞ்சு படபடக்கிறது. நல்லா இருக்கே என்று ஒரு கணம் தோன்றினால், உடனே கை தானாகத் தொடைக்குப் போய்க் கிள்ளிப் பார்க்கிறது. பேசிக்கொண்டிருக்கும்போது நடுவில் கிள்ளிக்கொள்கிறேன். நர்ஸ்கள் பார்த்துச் சிரிக்கிறார்கள். தொடை முழுக்க நீலமாக இருக்கிறது.

அந்த அம்மாவை நான் பைத்தியம் என்று நினைக்கவில்லை. அவர் ‘கதவை மூடுங்க’ என்றது எனக்குப் புரிகிறது. அது புரிவதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. அந்த மாடியில் ஒன்றிரண்டு நாள் எனக்கு இருந்த நிம்மதியைப் பிறந்ததிலிருந்து நான் அறிந்ததில்லை. சில சமயம் அது நினைவுக்கு வருகிறது. வந்ததும் யார் பக்கத்தில் இருந்தாலும் அவர்கள் கையைப் பிடித்துக்கொள்கிறேன்.

அடுத்த வாரம் அனுப்பிவிடுகிறார்களாம். நீ வந்து கூட்டிப் போ. பின்னறை வேண்டாம், உன் குரல் கேட்கிற அறையாகக் கொடு. காலையில் நான் கண்விழித்ததும் உன்னைக் கூப்பிடுவேன். நீ வந்து, எங்கே வலிக்கிறது என்று கேட்க வேண்டும். தினமும் கேட்க வேண்டும். என்றைக்காவது நான், எங்கேயும் இல்லை என்று சொன்னால், நம்பாதே.

அக்கா